வீட்டுச் சாமான்களால் செய்த திறப்பு: இன்சேனிலிருந்து மிங்கலாடோன் வரை நேதாஜி

இன்றைய யாங்கோன் நகருக்கு வடக்கே, விமான நிலையம் அமைந்திருக்கும் பகுதியின் பெயர் மிங்கலாடோன். அங்கிருந்து சில மைல் தொலைவில் இன்சேன் சிறைச்சாலை இருக்கிறது. சுபாஷ் சந்திர போஸின் வாழ்வில் இந்த இரண்டு இடங்களும் 17 ஆண்டு இடைவெளியில் வருகின்றன. 1927இல் அவர் இன்சேனில் நோயாளிக் கைதி. 1944இல் மிங்கலாடோன் திடலில் ஒரு படையின் அணிவகுப்பு மரியாதையை ஏற்கும் தலைவர். இந்த இரண்டுக்கும் நடுவே அவர் ஒரு பூட்டைத் திறந்தார். அதற்கான திறப்பை அவர் எந்தக் கொல்லனிடமும் செய்விக்கவில்லை. வீட்டில் கிடந்த சாமான்களைக் கொண்டு, வீட்டு மனிதரின் உதவியோடு, தானே செய்துகொண்டார்.

எங்கள் பெற்றோர் தலைமுறையின் வீடுகள் பலவற்றில் காந்தி, நேரு படங்களோடு நேதாஜியின் படமும் தொங்கியது. இராணுவ உடையில் நிற்கும் அந்தப் படத்தை அறிந்த அளவுக்கு, அந்த மனிதர் எப்படி வெளியேறினார், அதற்கு யார் விலை கொடுத்தார் என்பதை நாம் அறிந்ததில்லை. நாட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அறிய வேண்டிய பகுதி அதுதான்.

1897 ஜனவரி 23ஆம் திகதி ஒரிசாவின் கட்டாக் நகரில் பிறந்தவர் சுபாஷ். வழக்கறிஞர் ஜானகிநாத் போஸின் 14 பிள்ளைகளில் ஒன்பதாமவர். 1920இல் ஐ.சி.எஸ். பரீட்சையில் நான்காவதாகத் தேறினார். மறு ஆண்டே அந்தப் பதவியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்கத்தா திரும்பினார். 1924 அக்டோபரில் விசாரணை எதுவுமின்றிக் கைது செய்யப்பட்டார். 1925 தொடக்கத்தில் பர்மாவின் மண்டலே சிறைக்குக் கொண்டுபோனார்கள். திலகர் முன்பு அடைபட்டிருந்த சிறை அது. கல் சுவருக்குப் பதிலாக மரக்கழிகளை நட்டு அமைத்த கூடங்கள். வெயிலும் புழுதியும் பனியும் மழையும் தடையின்றி உள்ளே வரும். அங்கே அவர் உடல் கரைந்தது. காசநோயோ என்று மருத்துவர்கள் ஐயப்பட்டார்கள். 1927இல் ரங்கூனுக்கும் பின்னர் இன்சேனுக்கும் மாற்றினார்கள்.

இன்சேனில் இருந்தபோது அரசு அவருக்கு ஒரு வழி காட்டியது. விடுதலை தருகிறோம், ஆனால் ரங்கூனிலிருந்து நேரே ஐரோப்பாவுக்குக் கப்பலேற வேண்டும், இந்தியக் கரையில் கால் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. நோய் முற்றிய நிலையிலும் அவர் மறுத்தார். பிறர் கையில் இருக்கும் திறப்பால் திறக்கும் கதவு, பிறர் நினைத்த இடத்துக்கே கொண்டுபோய் விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1927 மே மாதம் கல்கத்தாவில் நிபந்தனையின்றி விடுதலையானார். ஆனால் 1933இல் உடல்நிலை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. மூன்று ஆண்டுகள் வியன்னாவிலும் பிற நகரங்களிலும் கழிந்தன. 1936இல் தடையை மீறித் தாயகம் திரும்பிய உடனேயே மீண்டும் கைதானார். புலம்பெயர் வாழ்வின் இரண்டு முகங்களையும் 40 வயதுக்குள் பார்த்தவர் அவர்.

1938இல் ஹரிபுராவிலும் 1939இல் திரிபுரியிலும் காங்கிரஸ் தலைவரானார். காந்தியோடு ஏற்பட்ட பிளவால் பதவி விலகி பார்வர்ட் பிளாக்கைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் முத்துராமலிங்கத் தேவர் அவரோடு நின்றார். 1940 ஜூலையில் கைது. நவம்பர் இறுதியில் சிறைக்குள் உண்ணாவிரதம் தொடங்கினார். சிறையில் செத்துவிடுவாரோ என்று பயந்த அரசு டிசம்பர் 5ஆம் திகதி வீட்டுக்கு அனுப்பியது. உடல் தேறியதும் மறுபடி பிடித்து உள்ளே போடலாம் என்பது கணக்கு. எல்ஜின் வீதி வீட்டைச் சுற்றி இரகசியப் பொலிஸார் இரவு பகலாக நின்றார்கள்.

இங்கேதான் அந்தப் பூட்டு. பொதுவாக ஒரு பூட்டுக்குள் சிறிய ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் ஊசியையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் உருளை சுழலும். உரிய திறப்பு எல்லாவற்றையும் ஒரே தள்ளலில் தூக்கிவிடும். திறப்பு இல்லாதவன் ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும், ஒன்று வழுகினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்ஜின் வீதி வீட்டுக் கதவில் இரும்புக் கம்பி இல்லை. வாசலில் நின்ற கண்கள், வேலையாட்களின் காதுகள், சொந்தக்காரரின் வாய்கள், ஜனவரி இறுதியில் வரவிருந்த வழக்குத் தவணை ஆகியவையே அங்கு ஊசிகள்.

சுபாஷ் ஒவ்வொன்றாகத் தூக்கினார். தனிமையில் விரதம் இருக்கப் போகிறேன், யாரையும் பார்க்கமாட்டேன் என்று அறிவித்தார். அறைக்குக் குறுக்கே திரைச்சீலை கட்டப்பட்டது. சாப்பாடு திரைக்கு அந்தப் பக்கம் வைக்கப்பட்டு, தட்டு வெறுமையாக வெளியே வந்தது. திரைக்குப் பின்னால் தாடி வளர்ந்தது. அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர், 20 வயது மருத்துவ மாணவர், கடைகளில் தொளதொள காற்சட்டையும் தொப்பியும் வாங்கி வந்தார். முகம்மது ஜியாவுதீன், காப்புறுதிக் கம்பெனியின் பயணப் பரிசோதகர் என்று விலாச அட்டைகள் அச்சாகின. வீட்டுப் பெட்டியொன்றில் இருந்த சொந்தப் பெயரின் முதலெழுத்துகள் அழிக்கப்பட்டு, புதுப் பெயரின் எழுத்துகள் மையால் எழுதப்பட்டன. வீட்டில் இரண்டு கார்கள் நின்றன. பெரிய ஸ்டூடிபேக்கரை ஊரே அறியும். அதனால் ஜேர்மன் தயாரிப்பான சிறிய வாண்டரர் காரைத் தெரிந்தெடுத்தார்கள். தாய்க்குக் கூடச் சொல்லவில்லை.

1941 ஜனவரி 16ஆம் திகதி நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் கார் புறப்பட்டது. அறையில் விளக்கு இன்னும் ஒரு மணி நேரம் எரியட்டும் என்று அண்ணன் மகள் இலாவிடம் சொல்லிவிட்டுப் போனார். தன்பாத்துக்கு அருகே இன்னொரு பெறாமகனான அசோக்கின் வீட்டில் அந்தப் பகல் கழிந்தது. அங்கே வேலையாட்களுக்கு முன்னால் சித்தப்பாவும் பெறாமக்களும் அந்நியர் போல ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். அன்றிரவு கோமோ நிலையத்தில் அவர் ரயிலேறினார். எல்ஜின் வீதியில் இலாவும் மற்றொரு பெறாமகனும் பத்து நாட்கள் அந்தச் சாப்பாட்டை உண்டு தட்டை வெறுமையாக்கி வைத்தார்கள். ஜனவரி 26ஆம் திகதி ஆளைக் காணவில்லை என்று குடும்பமே செய்தி வெளியிட்டபோது, அவர் பெஷாவரையும் தாண்டி, பேச்சும் காதும் இல்லாத யாத்திரிகராகக் காபூலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். துறவறம் பூண்டுவிட்டார் என்று ஊர் பேசியது. ஏப்ரலில் அவர் பேர்லினில் இருந்தார்.

போனவருக்குக் கதவு திறந்தது. இருந்தவர்களுக்கு அது மூடியது. 1941 டிசம்பரில் சரத் கைதானார். திருச்சி, மெர்க்காரா, குன்னூர் என்று தெற்கே கொண்டுவந்து 1945 செப்டெம்பர் வரை அடைத்து வைத்தார்கள். காரோட்டிய சிசிரும் பின்னர் சிறை சென்றார். வியன்னாவில் எமிலி ஷெங்கலோடு அமைந்த இல்லறத்திலும் இதே கதைதான். மகள் அனிதா பிறந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1943 பெப்ரவரியில், அவர் கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கியில் ஏறினார். அதன்பின் மனைவியையும் மகளையும் காணவில்லை. ஒருவர் தப்பிப்போன வீட்டில் மறுநாள் யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். யப்பானிடம் சரணடைந்த பிரித்தானிய இந்தியச் சிப்பாய்களோடு, மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் பெரும்பான்மையானோர் இந்தியாவைக் கண்ணால் கண்டிராத தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். தாலிக்கொடியும் காப்பும் கழற்றிக் கொடுக்கப்பட்டன. எல்ஜின் வீதியில் செய்ததையே அவர் பெரிய அளவில் செய்தார் என்று சொல்லலாம். சாதாரண வீடுகளில் இருந்ததைக் கொண்டு ஒரு படையைக் கட்டினார். 1944 ஜனவரியில் தலைமையகம் ரங்கூனுக்கு வந்தது.

ஆனால் இம்முறை திறப்பின் பிடி அவர் கையில் முழுதாக இல்லை. ஆயுதமும் அரிசியும் கப்பலும் யப்பானியருடையவை. அதே யப்பானியர்தான் சியாம்–பர்மா மரண ரயில்பாதைக்கு மலாயாத் தமிழரை ஏற்றிச் சென்றார்கள். பல்லாயிரம் பேர் வாந்திபேதியிலும் பசியிலும் அங்கே மாண்டார்கள். ஒரே தோட்டத்து லயத்தில் ஒரு மகன் படையில் சேர்ந்தான், இன்னொரு மகன் ரயில்பாதையில் மறைந்தான். நேதாஜியைப் போற்றும் எழுத்துகள் இந்த இரண்டாவது மகனைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகின்றன. அவனையும் சேர்த்தே இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பு ஜூலையில் சிதைந்தது. மழை, மலேரியா, பசி. அந்தத் தோல்விக்குப் பின்னர்தான் மிங்கலாடோன் வருகிறது. 1944 அக்டோபரில் அங்கே நடந்த அணிவகுப்பின் நடுவே நேச நாட்டு விமானங்கள் தாக்கின. போஸ் மரியாதை மேடையை விட்டு இறங்கவில்லை. அணியும் அணியாகவே நடந்து முடித்தது. தோற்றுத் திரும்பிய ஒரு படைக்கு அந்த அரைமணி நேரம் எவ்வளவு பெரியது என்பதை நினைத்துப் பார்க்கலாம். இன்சேனில் ஒரு காலத்தில் அவரைத் தூக்கிவிட ஆள் தேவைப்பட்டது. சில மைல் தள்ளி இங்கே அவர் நின்றதால் மற்றவர்களும் நின்றார்கள்.

1945 ஏப்ரல் 24ஆம் திகதி ரங்கூனை விட்டு வெளியேறினார். ஜான்சி ராணிப் படைப் பெண்களைப் பாதுகாப்பாக அனுப்பாமல் போகமாட்டேன் என்று நின்று, அவர்களோடு மோல்மேன் நோக்கி இரவிரவாக நடந்தார். ரங்கூனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரரோடு விட்டுச் சென்றது மேஜர் ஜெனரல் லோகநாதனை, தமிழரான ஒரு மருத்துவரை. 1942இல் பிரித்தானியர் ஓடியபோது ரங்கூன் கொள்ளையிலும் தீயிலும் கிடந்தது. 1945இல் யப்பானியர் போன பின்னர், மே தொடக்கத்தில் பிரித்தானியப் படை வரும்வரை, லோகநாதனின் ஆட்கள் ஊரைக் காத்தார்கள். அந்தப் போரில் அவர்கள் செய்த மிக நல்ல காரியம் இதுவென்றே நான் நினைக்கிறேன். திறந்து கிடந்த ஓர் ஊரின் கதவுகளை அவர்கள் காவல் காத்தார்கள்.

1945 ஆகஸ்ட் 18ஆம் திகதி தைவானில் நடந்த விமான விபத்தில் போஸ் இறந்தார் என்பது பதிவு. நம்ப மறுத்தவர்கள் பலர். அந்த ஆண்டு நவம்பரில் டெல்லிச் செங்கோட்டையில் அவரது அதிகாரிகள் மீது வழக்குத் தொடங்கியது. இந்தியா கொந்தளித்தது. 1946 பெப்ரவரியில் கடற்படையினர் கிளர்ந்தார்கள். சிப்பாய்களை நம்பி இனி ஆள முடியாது என்று பிரித்தானியர் கண்டுகொண்டதற்கு இவையும் காரணம். இம்பாலில் திறக்காத பூட்டு, அவர் இல்லாத காலத்தில் அசைந்தது.

இன்றைக்கு மிங்கலாடோன் பகுதியில் தாவுக்யான் போர் மயானம் இருக்கிறது. 6,374 கல்லறைகள். கல்லறை இல்லாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் இந்தியர் ஏராளம். இந்திய தேசிய இராணுவத்தில் மாண்டவரின் பெயர்கள் அங்கே இல்லை. ரயில்பாதையில் மாண்ட தமிழரின் பெயர்களும் இல்லை. கல்கத்தாவில் அந்த வாண்டரர் காரைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பெயரில்லாதவர்களை நினைவில் வைத்திருக்க வீடுகள்தான் உண்டு. பாட்டன் பாட்டியிடம் பர்மாக் கதை, மலாயாக் கதை இருக்கும் குடும்பங்கள் அதை எழுதி வைக்கட்டும்.