வாழ்த்து அட்டையின் மூலையில் ஒரு பெயர்: அருட்சகோதரி மரியா இன்னோசென்சியா ஹும்மல்



திருவருகைக் காலம் வந்துவிட்டால் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்த நாள்கள் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். வந்த வாழ்த்து அட்டைகளை எல்லாம் நூலில் கோர்த்து, குடிலுக்கு மேலே தோரணமாகக் கட்டுவோம். யார் அனுப்பினார்கள் என்று திருப்பிப் பார்ப்போம். உள்ளே அச்சிட்டிருக்கும் வாழ்த்தைக்கூடப் படிப்போம். ஆனால் அந்தப் படத்தை வரைந்தவர் யார் என்று நாம் பார்த்ததே இல்லை. பல அட்டைகளில் அந்தப் பெயர் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். பல அட்டைகளில் அதுவும் இருக்காது.

கடையில் விற்கப்பட்ட முதல் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டை 1843-ம் ஆண்டு இலண்டனில் வெளியானது. ஹென்றி கோல் என்பவர் கேட்டுக்கொள்ள, ஜான் கால்கட் ஹோர்ஸ்லி என்ற ஓவியர் அதை வரைந்தார். விலை ஒரு ஷில்லிங்; அன்றைய ஏழைகளுக்கு எட்டாத விலைதான். நடுவில் ஒரு குடும்பம் திராட்சை இரசம் அருந்தி விருந்துண்ண, இரு பக்கங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள் இருந்தன. சிறு குழந்தைக்கும் இரசக் கிண்ணத்தை நீட்டுகிறார்களே என்று மதுவிலக்கை வலியுறுத்தியவர்கள் அப்போதே கண்டித்தார்கள். ஆக, வாழ்த்து அட்டை பிறந்தபோதே சர்ச்சையும் உடன்பிறந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மனியில் வெளியான வேறு சில அட்டைகளும் கண்டிக்கப்பட்டன. இம்முறை கண்டித்தவர்கள் ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர்கள். வரைந்தவரோ துறவு மடத்தில் வாழ்ந்த ஓர் இளம் சகோதரி. அவரைப் பற்றியே இன்று சிந்திக்கிறோம்.

பெர்த்தா ஹும்மல் 1909-ம் ஆண்டு மே 21-ம் நாள் பவேரியாவின் மாஸிங் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் அடோல்ஃப், விக்டோரியா. பிள்ளைகள் ஆறு பேரில் இவர் மூன்றாமவர். தந்தைக்கு மரச்சிற்பம் செதுக்க வேண்டும் என்பதே ஆசை. ஆனால் குடும்பத்தின் துணிக்கடையை ஏற்று நடத்த வேண்டியதாயிற்று. தமக்குக் கிடைக்காதது மகளுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மகள் கையில் பென்சில் எடுத்தபோது அவர் தடுக்கவில்லை. ஹும்மல் என்ற ஜெர்மன் சொல்லுக்கு வண்டு என்று பொருள். ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று திரிந்த சிறுமிக்குப் பொருத்தமான குடும்பப் பெயர்தான்.

பன்னிரண்டாம் வயதில், 1921-ல், சிம்பாக் நகரில் மேரி வார்டு சபைச் சகோதரிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். (நம் அன்னை தெரேசா முதலில் சேர்ந்த லொரேட்டோ சபையும் இதே மேரி வார்டு வழிவந்ததுதான்.) அங்கே பள்ளி நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைவதும் உடைகள் அமைப்பதும் இவர் வேலையாயிற்று. 1927-ல் மியூனிக் நகரின் பயன்பாட்டுக் கலைக் கல்லூரியில் சேர்ந்து, 1931 மார்ச் மாதம் முதல்தரமாகத் தேறினார்.

அந்தப் பெரிய நகரில் கலை மாணவிக்குத் திறந்திருந்த கதவுகள் பல. ஆனால் அதே கல்லூரியில் இரண்டு பிரான்சிஸ்கன் சகோதரிகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். சீஸென் என்ற இடத்து மடத்திலிருந்து வந்தவர்கள். அவர்களோடு ஏற்பட்ட நட்பு பெர்த்தாவின் வாழ்வைத் திருப்பியது. கல்லூரியை முடித்த அடுத்த மாதமே, ஏப்ரல் 22 அன்று, சீஸென் மடத்தின் கதவைத் தட்டினார். 1933 ஆகஸ்டில் துறவற உடை பெற்று மரியா இன்னோசென்சியா என்ற பெயரை ஏற்றார். இன்னோசென்சியா என்றால் மாசற்றவள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து அப்போது ஏழு மாதங்களே ஆகியிருந்தன.

மடத்திற்கு அருகிலுள்ள ஸௌல்காவ் ஊரில் சகோதரிகள் நடத்திய பள்ளியில் இவர் ஓவியம் கற்பித்தார். திருப்பலி ஆடைகளுக்கும் பீடத் துணிகளுக்கும் கோலம் அமைத்தார். இடையிடையே குழந்தைகளை வரைந்தார். வகுப்பில் பார்த்த முகங்கள், மாஸிங் தெருவில் பார்த்த முகங்கள். கலைந்த தலை, உப்பிய கன்னம், அளவுக்குப் பெரிய காலணி, ஒட்டுப்போட்ட கால்சட்டை. ஒரு சிறுவன் கையில் பையும் குடையுமாக எங்கோ பயணம் கிளம்புகிறான். இரண்டு குழந்தைகள் சாலையோரத்து மாதா கெபியின் முன் நின்று அண்ணாந்து பார்க்கின்றனர். வானதூதர்கள்கூட அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் போலவே இருப்பார்கள். இறக்கை மட்டும்தான் கூடுதல்.

மடத்துத் தலைமைச் சகோதரிகள் இந்தப் படங்களைக் கண்டு மகிழ்ந்து, மியூனிக்கில் சமயப் படங்கள் அச்சிட்டு வந்த ஆர்ஸ் சாக்ரா பதிப்பகத்திற்கு அனுப்பினார்கள். அஞ்சலட்டைகளாகவும் வாழ்த்து அட்டைகளாகவும் அவை வெளிவந்தன. 1934-ல் படங்களைத் தொகுத்து ஒரு நூலும் வெளியாயிற்று. அட்டைகள் ஜெர்மனி எங்கும் பரவின. ஃபிரான்ஸ் கோபெல் என்ற பீங்கான் தொழிலதிபர் அவற்றைப் பார்த்து, இக்குழந்தைகளைச் சிறு உருவங்களாகச் செய்ய மடத்திடம் அனுமதி கேட்டார். (ஹிட்லரின் அமைச்சர் கோயபல்ஸ் வேறு, பெயர் ஒலியை வைத்து யாரும் குழம்ப வேண்டாம்.) ஒவ்வோர் உருவத்தையும் சகோதரி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. 1935-ம் ஆண்டு லைப்சிக் வணிகக் கண்காட்சியில் அவை முதன்முதலாக வைக்கப்பட்டன.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். ஹும்மலின் படங்கள் வெறும் இனிப்புப் பண்டம், கலையே அல்ல என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையைச் சொன்னால், பத்து அட்டைகளைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் நமக்கும் சற்றுத் திகட்டத்தான் செய்கிறது. ஆனால் அவை எந்த ஆண்டுகளில், எந்த நாட்டில் வரையப்பட்டன என்பதை மறந்துவிட்டுத் தீர்ப்பிட முடியாது.

அன்றைய ஜெர்மனியில் குழந்தை என்றால் சீருடை அணிந்து அணிவகுத்து நடக்க வேண்டும். 1936 டிசம்பரில் வந்த சட்டம், நாட்டின் இளையோர் அனைவரும் ஹிட்லர் இளைஞர் அணியில் அடக்கம் என்று அறிவித்தது. சுவரொட்டிகளில் உயரமான, திடகாத்திரமான, இமைக்காத கண்களோடு தூரத்தை நோக்கும் சிறுவர்கள். சீஸென் மடத்திலிருந்து வெளிவந்த பிள்ளைகளோ குள்ளம், குண்டு, மூக்கில் சளி ஒழுகாத குறைதான். காலணிக் கயிறுகூடச் சரியாகக் கட்டத் தெரியாதவர்கள்.

1937 மார்ச் 21, குருத்து ஞாயிறன்று, நாசி ஆட்சியைக் கண்டித்துத் திருத்தந்தை 11-ம் பத்திநாதர் எழுதிய சுற்றுமடல் ஜெர்மனியின் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. அதே மாதத்தில்தான் நாசிகளின் எஸ்.ஏ. படை இதழ் ஹும்மலின் மீது பாய்ந்தது. பெருந்தலையும் கோணல் காலும் கொண்ட அவலட்சணங்களை வரைந்து ஜெர்மன் குழந்தைகளை இழிவுபடுத்துகிறார் என்றும், ஜெர்மன் கலைஞர்களின் வரிசையில் இவருக்கு இடமே இல்லை என்றும் அது எழுதியது. ஒரு குழந்தை குழந்தையாக இருப்பது அவர்கள் கண்ணை உறுத்தியது. அந்த ஆண்டு ஜூலையில், பெர்த்தா படித்த அதே மியூனிக் நகரில், சீர்கெட்ட கலை என்ற பெயரில் கண்காட்சி வைத்து நவீன ஓவியர்கள் பலரை அரசு கேலிசெய்தது. அடுத்த மாதம் சகோதரி மரியா இன்னோசென்சியா தமது இறுதி வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார்.

அவர் வரைவதை அரசு முற்றாக நிறுத்தவில்லை. காரணம் எளிது: படங்களும் உருவங்களும் வெளிநாட்டில் விற்றன, அந்நியச் செலாவணி வந்தது. ஆகவே உள்நாட்டு விற்பனைக்குத் தடை, ஏற்றுமதிக்கு அனுமதி. வரும் பணத்தில் பாதியை அரசே எடுத்துக்கொண்டது. அவரோ சும்மா இருக்கவில்லை. வானதூதர்களின் அங்கிகளில் நட்சத்திரங்கள் வரைந்தார். சற்றே கோணலாக, ஆறு முனைகளோடு. சிற்றாலயத்துச் சிலுவைக்கு வரைந்த அமைப்பில் யூதர்களின் விளக்குத் தண்டையும் சேர்த்தார். பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் ஒன்றையொன்று தொடுவது அதன் பொருள். யூதர்கள் வேட்டையாடப்பட்ட ஆண்டுகளில் இது விளையாட்டுக் காரியம் அல்ல.

1940-ல் மடம் நடத்திய பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஆண்டின் இறுதிக்குள் மடத்தையே அரசு பறித்துக்கொண்டது. பெரும்பாலான சகோதரிகள் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ நாற்பது பேர் மட்டும் கட்டடத்தின் ஒரு மூலையில், குளிர்காய வசதியின்றி, வருமானமின்றித் தங்க அனுமதிக்கப்பட்டனர். மரியா இன்னோசென்சியா மாஸிங்கில் தம் வீட்டுக்குத் திரும்பினார். அங்கே அம்மா கையால் சோறு உண்டு, அமைதியாக இருந்திருக்கலாம். மூன்று மாதம்கூட அவரால் தாங்க முடியவில்லை. திரும்பி வர அனுமதி கேட்டுத் தலைமைச் சகோதரியிடம் மன்றாடினார். அனுமதி கிடைத்தது. மடத்தின் நிலவறையில் ஒரு சிறு அறை கொடுத்தார்கள். உறங்குவதும் அங்கே, வரைவதும் அங்கே.

அவர் படங்களின் வருமானத்தில் அரசு எடுத்தது போக மிஞ்சிய பாதிதான் அந்த நாற்பது சகோதரிகளுக்கும் சோறு போட்டது. இதை நினைக்கும்போது அந்தச் சிரிக்கும் குழந்தைகளை நாம் வேறு கண்ணோடு பார்க்கிறோம். ஈரம் கசியும் நிலவறையில், இருமலோடு, ஆறுமுனை நட்சத்திரத்து வானதூதர்களை வரைந்தவர், தம் சகோதரிகளின் அடுத்த வேளை உணவையும் அதே தூரிகையால் சம்பாதித்தார்.

உடல் தாக்குப்பிடிக்கவில்லை. 1944-ல் காசநோய் என்று கண்டறியப்பட்டு, நவம்பரில் ஈஸ்னி நகரின் காசநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1945 வசந்தத்தில் பிரெஞ்சுப் படைகள் அப்பகுதியை விடுவித்தபோது, மடம் சகோதரிகளின் கைக்குத் திரும்பியது. அவரும் திரும்பி வந்தார். இடிபாடுகளுக்கு நடுவே எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டிய நேரம். அவருக்கு மட்டும் அதற்கான மூச்சு இல்லை. 1946 நவம்பர் 6 அன்று சீஸென் மடத்தில் இறைவனடி சேர்ந்தார். வயது 37. மடத்துக் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய பெயர் உலகம் முழுதும் பரவியதை அவர் காணவில்லை. ஜெர்மனியில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள், வீட்டுக்கு அனுப்பும் பரிசாக ஹும்மல் உருவங்களைத் தேடித்தேடி வாங்கினார்கள். பின்னாளில் அவற்றைச் சேர்ப்பவர்கள் சங்கம் வைக்கும் அளவுக்குப் போயிற்று. விலையும் ஏறியது, பிறகு சரிந்தது. கோபெல் நிறுவனம் 2008-ல் உற்பத்தியை நிறுத்திக்கொள்ள, வேறு கைகள் அதை எடுத்துக்கொண்டன. மாஸிங்கில் 1994-ல் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

சகோதரி இறந்த பிறகும் பழைய நிபந்தனை தொடர்ந்தது. புதிய உருவம் ஒன்றைச் செய்ய வேண்டுமானால் அதை சீஸென் மடத்தின் சகோதரிகள் பார்த்து ஒப்புதல் தர வேண்டியிருந்தது. 1950 முதல் நிறுவனம் ஒவ்வோர் உருவத்தின் அடியிலும் ஒரு புதிய முத்திரையைப் பதித்தது. V என்ற எழுத்து வடிவின் நடுவே பறக்கும் ஒரு வண்டு.