தேடுவோர்க்கு வழி சமைத்த சீர்காழிப் பெருமகனார்

நம் போடிநாயக்கனூரில் ஏலம் என்னும் சொல்லுக்கு இரு பொருள். மலைச்சரிவில் விளைவதும் ஏலம். விளைந்ததை விலை கூறி விற்பதும் ஏலம். இச்சொல் ஒன்றையே நம்பிச் சட்ட நூலகத்துள் புகும் மாணவர் எதனைக் கண்டடைவார்? சொல்லைத் தொட்டுப் பொருளைச் சென்றடையும் நெறியினை வகுப்பதையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர் எஸ்.ஆர். அரங்கநாதன் அவர்கள்.

1892ஆம் ஆண்டு சீர்காழியில் தோன்றிய அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் பயிற்றுவித்து வந்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பேச்சுத்துணையற்ற அப்பணி சின்னாளிலேயே கசந்துவிட, வகுப்பறைக்கே மீள விழைந்தார் என்பது நமக்கு வியப்பூட்டுவதாகும். இலண்டன் சென்று பயின்றபின் முடிவு செய்யுமாறு அவரைத் தேற்றி அனுப்பினர். ஆங்கு ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே துண்டுகளை மாற்றிக் கோத்தால் வேறு வேறு உருவங்கள்! அறிவையும் அவ்வாறு கோக்கலாம் என்ற எண்ணமே 1933இல் கோலன் பகுப்புமுறையாக மலர்ந்தது. அதில் சட்டத்திற்குரிய எழுத்து இசட்.

நூலைவிட இதழ்க் கட்டுரையைத் தேடுவதே கடினம். நூலுக்குத் தலைப்பும் முதுகும் உண்டு. கட்டுரையோ தொகுதியின் நடுவே மறைந்து கிடக்கும். ஆதலின் கட்டுரைகளுக்கு இன்னும் நுணுகிய பகுப்பு தேவை என அவர் கருதினார். சட்டம், நிலம், குத்தகை, ஏலத்தோட்டம் எனப் பொருள் சங்கிலியாக இறங்க, ஒவ்வொரு கண்ணிக்கும் அகரவரிசையில் ஒரு பதிவு அமைத்தார். எக்கண்ணியைப் பற்றினும் உரிய இடம் சேரலாம்.

இதன் பயனை நம் பகுதியினர் உணர்வர். ஏலமலை நிலம் காடா, வருவாய்த்துறை நிலமா எனும் வழக்கு 1897ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அறிவிப்பு வரை நீள்கின்றது. அத்தகைய வழக்கில் உரிய கட்டுரை கைக்கு எட்டாவிடின், அது எழுதப்படாததற்கே ஒப்பாம். 1891இல் தோன்றிய மெட்ராஸ் லா ஜர்னலின் தொகுதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவது எளிதன்று. அக்குறையை நீக்க இந்தியச் சட்டக் கழகம் 1963 முதல் சட்ட இதழ்களுக்குப் பொருளடைவு வெளியிட்டது. அது அரங்கநாதனாரின் ஆக்கமன்று. எனினும் நோக்கம் ஒன்றே.

1972இல் அவர் மறைந்தார். இன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கட்டுரைகளுக்கோ கட்டணத் தளங்களையும் பழைய பொருளடைவுகளையும் நாட வேண்டியுள்ளது. கணிப்பொறியில் ஏலம் எனத் தட்டினால் இரு ஏலமும் கலந்தே வரும். நிலம், குத்தகை என அடுத்த கண்ணியைச் சேர்த்துத் தேடுவது மாணவர் கையில் உள்ளது.