கம்பனை மறுக்கப் போன கவிஞர்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் 15 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 20 பேர் மதம் எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இந்து என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 5 பேர். ஆக, விரிவுரைக்குப் போனா பக்கத்து இருக்கையில் ஒரு இந்துவைவிட ஒரு ஃப்ரீ திங்க்கர் உட்கார்ந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவங்க நல்ல நண்பர்கள்தான். ஆனா ஏதோ ஒரு நாள், காப்பிக்கடையில சாப்பிடும்போதோ தைப்பூசத்துக்கு முந்தின வாரமோ, அந்தக் கேள்வி வரும்: நீ ஏன் கடவுளை நம்புற? நம்மில் பெரும்பாலானவர்கள் சொல்ற பதில், வீட்டுல எல்லாரும் அப்படித்தான். இது பதிலே இல்லைன்னு கேட்டவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அதனாலதான் இந்த இதழுக்கு ஒரு மகானைப் பற்றி எழுதாம கவிஞர் கண்ணதாசனைப் பற்றி எழுதலாம்னு நினைச்சேன். வீட்டிலிருந்து வந்த நம்பிக்கையை ஒரு தடவை விட்டுட்டு, பிறகு தானே தேடி எடுத்துக்கொண்டவர் அவர். ஒலி 96.8-ல் அவர் பாட்டு வராத நாள் இருக்குமா என்பது சந்தேகம். இங்கே தமிழ் எழுத்தாளர் கழகம் அவர் பெயரில் விழாவும் எடுக்கிறது. அவர் எப்படி நம்பிக்கைக்கு வந்தார் என்பதை மட்டும் நாம் அதிகம் பேசுறதில்லை.

1927 ஜூன் 24 அன்று செட்டிநாட்டுச் சிறுகூடற்பட்டியில் பிறந்தார். அப்பா சாத்தப்பன், அம்மா விசாலாட்சி. இயற்பெயர் முத்தையா. நகரத்தார் குடும்பம். நம்ம டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை 1859-ல் எழுப்பி, மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் உட்கார்ந்து வட்டித்தொழில் பார்த்தார்களே, அதே சமூகம். கடல் தாண்டிப் போன இடமெல்லாம் முதலில் முருகனுக்கு ஒரு கோயில் கட்டியவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் கடவுள் நம்பிக்கை ஒரு கேள்வியாகவே எழுந்திருக்காது. ஊரில் மலையரசி அம்மன், வீட்டில் பூஜை, நோன்பு, படைப்பு.

சின்ன வயசிலேயே அவரை 7,000 ரூபாய்க்கு இன்னொரு வீட்டுக்குச் சுவீகாரம் கொடுத்துட்டாங்க. அந்த வீட்டில் அவர் பெயர் நாராயணன். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்கு ஓடினார், பட்டினி கிடந்தார், திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் சின்ன வேலை பார்த்தார். திருவொற்றியூர்தான் பட்டினத்தார் அடங்கிய ஊர். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்து எல்லாவற்றையும் விட்டுப் போன வணிகர் பட்டினத்தார். கையில் காசில்லாத ஒரு செட்டியார் வீட்டுப் பையன் அதே ஊரில் வேலை பார்த்திருக்கிறான். 1962-ல் வந்த பாதகாணிக்கை படத்துக்காக அவர் எழுதிய புகழ்பெற்ற நிலையாமைப் பாட்டில் பட்டினத்தாரின் குரல் அப்படியே கேட்கும்.

பதினேழு வயதில் புதுக்கோட்டையில் திருமகள் என்ற பத்திரிகையில் வேலை கிடைத்தது. புனைபெயர் வேண்டும். பாரதிதாசன், கம்பதாசன் என்று தாசன்கள் புகழோடு இருந்த காலம். இவர் கண்ணதாசன் ஆனார். இந்த இடத்தில் ஒரு திருத்தம் சொல்லியாகணும். நாத்திகராக இருந்தவர் ஆண்டாளைப் படித்து மனம் மாறி, அதன் பிறகுதான் கண்ணனின் தாசன் என்று பெயர் வைத்துக்கொண்டார் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கேட்க நல்லா இருக்கு. ஆனா கணக்கு இடிக்குது. அவருடைய முதல் திரைப்பாடல் வந்த கன்னியின் காதலி 1949-ல் வெளியானது. அப்போதே அவர் கண்ணதாசன். திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கியது அதே 1949-ன் செப்டம்பரில். அதாவது கண்ணன் பெயரைச் சுமந்துகொண்டேதான் அவர் பகுத்தறிவு மேடைகளில் ஏறினார். உண்மை, கதையைவிடச் சுவையா இருக்கு.

அந்தக் காலத்து இளைஞர்கள் ஏன் அந்தப் பக்கம் போனார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லணும். சாதியின் பெயரால் கோயில் வாசலிலேயே மனிதர்களை நிறுத்திவைத்த காலம் அது. அதைத் தட்டிக் கேட்ட குரல் பெரியாருடையது. அந்த அலை சிங்கப்பூருக்கும் வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1932-ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. 1935-ல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு ஆரம்பித்தார். நம்ம தாத்தா பாட்டி காலத்தில் சிராங்கூன் ரோட்டிலும் இந்த விவாதம் நடந்திருக்கு. எனக்குத் தெரிந்து, அவர்கள் எழுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு நாம் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

கண்ணதாசன் அந்த இயக்கத்தில் பாதி மனசோடு இருந்தவர் அல்ல. 1953-ல் டால்மியாபுரத்துக்குக் கல்லக்குடி என்ற பெயரைத் திரும்ப வைக்கக் கேட்டு நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். மாங்கனி என்ற காவியத்தை அந்தச் சிறையில்தான் எழுதினார். 1957 தேர்தலில் திருக்கோஷ்டியூர் தொகுதியில் நின்று தோற்றார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று இராமானுசர் கோபுரத்தில் ஏறி மந்திரத்தைச் சொன்ன ஊர் திருக்கோஷ்டியூர்.

மாற்றம் கம்பனில் தொடங்கியது. கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா வேண்டாமா என்பது அப்போது பெரிய சண்டை. 1943-ல் அண்ணா ஒரு பக்கமும் ரா. பி. சேதுப்பிள்ளையும் சோமசுந்தர பாரதியும் மறுபக்கமுமாக வாதிட்ட மேடைகள் நடந்தன. அண்ணாவின் கம்பரசம் கம்பனில் ஆபாசம் இருக்கு என்று எடுத்துக்காட்டியது. கண்ணதாசனின் சொந்தச் சீமையிலோ, சா. கணேசன் 1939-லேயே காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் இளைஞர் கண்ணதாசன். கம்பனைத் திட்டுவதற்குக் குறிப்பு எடுக்கலாம் என்றுதான் அவர் அந்தப் புத்தகத்தைப் பிரித்தார். பின்னாளில் அவரே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். குறை தேடிப் படித்தவரால் மேலே போக முடியவில்லை. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார். தமிழ் இவ்வளவு செய்யுமா என்று மலைத்துப்போனார். பிறகு ஆண்டாள், ஆழ்வார்கள், சித்தர்கள்.

முதலில் அவரைப் பிடித்தது கடவுள் அல்ல, மொழிதான். பக்தி இலக்கியத்தை நீக்கிவிட்டால் தமிழில் பாதி காலியாகிவிடும் என்பது அவருக்குப் புரிந்தது. அந்தப் பாட்டை எழுதியவன் எதைப் பார்த்து இப்படி எழுதினான் என்ற கேள்வி அடுத்து வந்தது. நம்மில் எத்தனை பேர் நாம் மறுக்கும் ஒன்றை முழுசாப் படிச்சுட்டு மறுக்கிறோம்? நம்பும் ஒன்றை முழுசாப் படிச்சுட்டு நம்புறவங்க எத்தனை பேர்? பகவத் கீதையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த இந்து இளைஞர்களைவிட, அதைப் படித்த ஃப்ரீ திங்க்கர் நண்பர்கள் எனக்கு அதிகம்.

ஆனா படிப்பு மட்டும் அவரைத் திருப்பவில்லை. வாழ்க்கையும் அடித்தது. 1959-ல் அவர் தயாரித்த சிவகங்கைச் சீமை, வீரபாண்டிய கட்டபொம்மனோடு ஒரே சமயத்தில் வெளியாகி அதன் முன்னால் நிற்க முடியாமல் போனது. 1960-ல் எடுத்த படத்துக்குப் பெயர் கவலை இல்லாத மனிதன். அவருக்கு அத்தனை கவலையையும் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். கடன் கழுத்தை நெரித்தது. 1961-ல் ஈ. வெ. கி. சம்பத்தோடு கட்சியை விட்டு வெளியே வந்தார். தமிழ்த் தேசியக் கட்சி, அப்புறம் காங்கிரஸ். நேற்றுவரை அண்ணன் தம்பி என்று பழகியவர்கள் எதிர் மேடையில் நின்று திட்டினார்கள். இவரும் சளைக்காமல் திட்டினார். இவ்வளவுக்கும் நடுவில் எழுதிய பாட்டுகள்தான் இன்னைக்கும் நம்ம அப்பா அம்மா கண்ணை மூடிக் கேட்கிறது. 1965-ல் இதயகமலம் படத்துக்கு, இராமனின் தோளைப் பார்த்தவர்கள் தோளை மட்டுமே பார்த்து நின்ற கம்பன் காட்சியைக் காதல் பாட்டாக்கிக் கொடுத்தார். மறுக்கப் போன புத்தகம் அதற்குள் அவர் கைச்செலவுக்கு எடுக்கும் உண்டியல் ஆகிவிட்டது.

1970-களில் தினமணி கதிரில் அர்த்தமுள்ள இந்து மதம் எழுதத் தொடங்கினார். பிறகு அது பத்துப் பாகங்கள் ஆனது. சிங்கப்பூரில் தமிழ் வீடுகளின் அலமாரிகளில் தேவாரம் இல்லாமல் இருக்கலாம், இதில் ஒரு பாகமாவது இருக்கும். தான் எப்படியெல்லாம் வாழக்கூடாதோ அப்படியெல்லாம் வாழ்ந்தவன், அதனாலேயே மற்றவர்களுக்குச் சொல்லும் தகுதி தனக்கு உண்டு என்பதுதான் அவர் நிலை. குடி, போதை ஊசி, பெண்கள், கடன் எதையும் மறைக்கவில்லை. வனவாசத்திலும் மனவாசத்திலும் தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்.

அந்தப் புத்தகத்தில் அவர் கடவுளுக்குக் கொடுக்கும் ஆதாரம் என்ன? பெரும்பாலும் அனுபவம். திட்டமிட்டது நடக்கவில்லை, திட்டமிடாதது நடந்தது. கெடுதல் செய்தவன் பிறகு அனுபவித்தான். அழைத்தபோது ஏதோ ஒன்று கை கொடுத்தது. எஞ்சினியரிங் மாணவனாக இதைப் படிக்கும்போது எனக்குக் கை அரிக்கும். கெடுதல் செய்து நல்லாவே செத்துப்போனவர்களை யார் கணக்கெடுத்தது? அழைத்தும் கை கிடைக்காமல் மூழ்கியவர்கள் புத்தகம் எழுத வரமாட்டார்களே. ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு அறிக்கை கொடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க. அதேபோல, வழக்கத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கும் அவசரமும், பெண்கள் எப்படி இருக்கணும் என்று எழுதிய சில பக்கங்களும் எனக்கு ஒத்துவரவில்லை. நம்ம சகோதரிகள் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு என்ன சொல்வார்கள் என்று எனக்கு நல்லாவே தெரியும்.

இருந்தாலும் அந்தப் பத்துப் பாகங்களை என்னால் ஒதுக்க முடியலை. அவர் ஆய்வறிக்கை எழுதவில்லை, வாக்குமூலம் கொடுக்கிறார். பாலம் தாங்குமா என்று கணக்குப் போடுவது ஒன்று. வெள்ளத்தில் ஒரு மரக்கிளையைப் பிடித்துக் கரை ஏறியவன், அந்தக் கிளை இருந்தது என்று சொல்வது வேறு. அவன் சொல்வதை வைத்து அடுத்தவன் ஆற்றில் குதிக்க முடியாது, சரி. ஆனா கிளையே இல்லை என்று அவனிடம் வாதாடவும் எனக்கு வாய் வரலை. வீட்டுல அப்படித்தான் என்ற பதிலுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் பெரிசு. அவருக்கும் வீட்டில் கிடைத்ததுதான். ஆனா அதைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார், எதிர்த்துப் பேசிப் பார்த்தார், பிறகு என்ன விலை என்று தெரிந்து வாங்கினார்.

இன்னொரு விஷயம். திரும்பி வந்த நிறையப் பேர், விட்டு வந்த பக்கத்தை வெறுக்கும் அளவுக்குத் தீவிரமாகிவிடுவார்கள். பழைய தோழர்களோடு அரசியல் சண்டை போட்டாலும், கடவுளை வைத்து இன்னொருவரின் கடவுளை அடிக்கும் வேலையை அவர் செய்யவில்லை. ஆதிசங்கரரின் கனகதாரா தோத்திரத்தைப் பொன்மழையாகத் தமிழில் தந்தவர், கிருஷ்ண கானம் எழுதியவர், கடைசிக் காலத்தில் கிறித்துவ நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் இயேசுவின் வாழ்க்கையைப் பெரிய காவியமாக எழுதினார். அதற்காகத் தன் நம்பிக்கையை மாற்றவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பல மதத்தவர் ஒரே புளோக்கில் குடியிருக்கும் நமக்கு இது பழக்கமான விஷயம்தான் என்று தோன்றலாம். ஆனா பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடாம இருக்கிறது ஒன்று. அவர் கும்பிடும் தெய்வத்தைப் பற்றி ஒரு காவியம் எழுதுற அளவுக்குப் படிக்கிறது வேறு.

குழந்தைக்காக படப் பாடலுக்குத் தேசிய விருது, 1978-ல் தமிழக அரசவைக் கவிஞர் பதவி, சேரமான் காதலிக்கு 1980-ல் சாகித்ய அகாதமி விருது என்று மரியாதைகள் வந்துகொண்டே இருந்தன. 1981-ல் தமிழ் விழாவுக்காக அமெரிக்கா போனவர் அங்கே உடல்நிலை மோசமாகி சிகாகோவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அக்டோபர் 17 அன்று அங்கேயே இறந்தார். வயது 54. உடலைச் சென்னைக்குக் கொண்டுவந்து, 22-ஆம் தேதி எரியூட்டினார்கள். இயேசு காவியம் புத்தகமாக வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டில். அதை அவர் பார்க்கவில்லை.