பிரம்பு ஆமையைத் தேடி

ஓர் உயிரினம் அழிந்துவிட்டதா, எங்கேனும் எஞ்சியுள்ளதா என்பதே தெரியாதபோது அதனை எவ்வாறு காப்பது? இவ்வினாவுக்கு விடை தேடிக் காட்டுக்குள் சென்றவர் ஜெ. விஜயா. இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளராகப் போற்றப்படுபவர்.

1959ஆம் ஆண்டு பிறந்த விஜயா, சென்னையில் கல்லூரி மாணவியாக இருந்தபோதே கிண்டி பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தார். நாளடைவில் ஆமைகளே அவரது ஆய்வுப்பொருளாயின. அமெரிக்க அறிஞர் எட்வர்டு மோலுடன் இணைந்து பல மாநிலங்களுக்குப் பயணம் செய்து, நன்னீர் ஆமைகளின் நிலையை ஆராய்ந்தார்.

பிரம்பு ஆமை நன்னீர் ஆமைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் நீரில் வாழாமல் மழைக்காட்டின் சருகுகளுக்கிடையே வாழ்வது. ஏறத்தாழ 13 செ.மீ. நீளமே வளரக்கூடியது. கொச்சி நாட்டுக் காடுகளில் கிடைத்த ஆமைகளைக் கொண்டு, 1912இல் ஹென்டர்சன் என்னும் அறிஞர் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன்பின் எழுபது ஆண்டுகள் ஆய்வாளர் கண்ணில் அது படவேயில்லை.

1982இல் விஜயா கேரளத்தின் சாலக்குடிக் காடுகளை அடைந்தார். நூல்கள் மறந்துவிட்ட அந்த ஆமையை அங்கு வாழும் காடர் பழங்குடியினர் நன்கு அறிந்திருந்தனர். அவர்களையே ஆசிரியர்களாகக் கொண்டு தேடிய விஜயா, ஆமையைக் கண்டறிந்தார். கண்டதோடு அமையவில்லை, காட்டிலேயே குகையொன்றில் தங்கி, அதன் உணவையும் உறைவிடத்தையும் பழக்கங்களையும் பொறுமையுடன் பதிவு செய்தார்.

1987இல், முப்பது வயதை எட்டும் முன்னரே விஜயா மறைந்தார். 2006இல் மரபணு ஆய்வு செய்த அறிஞர்கள், பிரம்பு ஆமை தனியொரு பேரினத்தைச் சேர்ந்தது எனக் கண்டனர். ஆமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு அவர் பெயரை இணைத்து, அப்பேரினத்துக்கு 'விஜயாசெலிஸ்' எனப் பெயர் சூட்டினர்.

காடுகள் சுருங்குவதாலும் வேட்டையாலும் இவ்வாமை இன்றும் அழிவின் விளிம்பிலேயே உள்ளது. ஓர் உயிர் எங்கு, எவ்வாறு வாழ்கிறது என்பதை அறிந்தால்தான் அதனைக் காக்க இயலும். அவ்வறிவைத் தேடித் தந்துவிட்டுச் சென்றார் விஜயா. காக்கும் கடமை நம்முடையது.