ஹலபில் கொல்லப்பட்ட ஞானி ஸுஹ்ரவர்தீ

ஸுஹ்ரவர்தீ என்றதும் நம்மவர்களுக்கு ஸுஹ்ரவர்திய்யா தரீக்காவே நினைவுக்கு வரும். அதைப் பரப்பிய ஷெய்கு ஷிஹாபுத்தீன் உமர் அவர்கள் 1234-ல் பக்தாதில் மறைந்தார்கள். இங்கே சொல்லப் போவது அன்னாரைப் பற்றியன்று. அதே ஊர்ப் பெயரும் ஷிஹாபுத்தீன் என்னும் அதே பட்டமும் கொண்ட இவருடைய இயற்பெயர் யஹ்யா. கொல்லப்பட்டவர் என்று பொருள்படும் 'அல்மக்தூல்' என்னும் அடைமொழியால் சரித்திரம் இவரைப் பிரித்துக் காட்டுகிறது.

பாரசீகத்தின் வடமேற்கே, ஸன்ஜான் அருகிலுள்ள ஸுஹ்ரவர்தில் சுமார் 1154-ல் பிறந்தார். மராகாவில் மஜ்துத்தீன் அல்ஜீலியிடம் பயின்றார். இமாம் பக்ருத்தீன் ராஸி அவர்களும் அதே ஆசிரியரின் மாணவரே. பிறகு இஸ்பஹானில் படித்துவிட்டு, ஊர் ஊராகப் பிரயாணம் செய்தார். உடையில் கவனமே கிடையாது. கழுதை ஓட்டி என்று நினைத்தவர்களும் உண்டாம். மார்தீன் அறிஞர் பக்ருத்தீன், இந்த வாலிபரின் புத்திக் கூர்மையை மெச்சிய கையோடு, முன்பின் யோசியாத பேச்சு இவர் உயிருக்கே உலை வைக்கும் என்றும் அஞ்சினார்.

1183-ல் ஹலப் பட்டணம் ஸுல்தான் ஸலாஹுத்தீன் வசமாயிற்று. அவ்வாண்டே இவரும் அங்கு வந்தார். இவர் கந்தலைக் கண்டு இரங்கிய மத்ரஸா ஷெய்கு, தம் மகனிடம் நல்ல உடை கொடுத்தனுப்பினாராம். இவரோ முட்டையளவு மாணிக்கம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, கடைத்தெருவில் விலை கேட்டுவரச் சொன்னார். ஸுல்தானின் மகன் மலிக் ழாஹிரே பெருந்தொகைக்குக் கேட்டார். பையன் திரும்பியதும் இவர் அந்தக் கல்லை நொறுக்கிப் போட்டுவிட்டு, உடையைத் திருப்பியனுப்பினார். கதை மெய்யோ மிகையோ, வியாபாரிகளான நமக்கு மனம் பதறத்தான் செய்கிறது!

1186-ல் 'ஹிக்மத்துல் இஷ்ராக்' என்னும் நூலை முடித்தார். இஷ்ராக் என்றால் சூரியோதயத்தின் ஒளி பரவுதல். பொருளுக்கு இலக்கணம் வகுத்தால் அதை அறிந்துவிடலாம் என்ற அரிஸ்டாட்டில் வழியினரை இவர் மறுத்தார். கருமையைக் கண்டிராதவனுக்கு அதை எத்தனை சொல்லி விளக்கினாலும் விளங்குமா? நான் இருக்கிறேன் என்பதை நான் அறிய எந்த விளக்கமும் வேண்டியதில்லை. அவ்வாறு நேரே அறிவதே மூல அறிவு என்றார். ஒளியும் அப்படித்தான், தன்னைத் தானே காட்டும். இருளோ ஒளியின் இன்மை மட்டுமே. உலகெல்லாம் ஒளியின் படித்தரங்கள். அவற்றின் உச்சியில் 'நூருல் அன்வார்', ஒளிகளுக்கெல்லாம் ஒளியான இறைவன்.

இளவரசர் மலிக் ழாஹிர் இவரிடம் மனம் பறிகொடுத்தார். வாதங்களில் தோற்ற உலமாக்கள் ஸுல்தானுக்கு எழுதினார்கள். இறைவனின் வல்லமைக்கு எல்லையில்லை என்று இவர் வாதித்ததை, நபித்துவம் முற்றுப் பெற்றதை ஐயுறுவதாகப் பொருள் கொண்டார்கள். அது 1191, சிலுவைப் போரில் அக்கா நகரம் கைவிட்டுப் போன ஆண்டு. மகன் வழிதவறுவானோ என்ற கவலையும் ஸுல்தானுக்கு. கொல்லும்படி உத்தரவு வந்தது. மகன் தயங்கியும் பயனில்லை. எவ்விதம் கொன்றார்கள் என்பதில் சரித்திரக்காரர்கள் ஒன்றுபடவில்லை. வயது நாற்பதும் ஆகவில்லை.

பைத்துல் முகத்தஸை மீட்ட ஸுல்தானை நாம் போற்றுகிறோம்; போற்றவும் வேண்டும். அதற்காக இதை மறைப்பானேன்? அவருடைய காழி இப்னு ஷத்தாதே, ஸுல்தானின் மார்க்கப் பற்றுக்கு உதாரணமாக இதை எழுதி வைத்துள்ளார்.

நூல் சாகவில்லை. 1311-ல் மறைந்த குத்புத்தீன் ஷீராஸி அதற்கு உரை கண்டார். 1640-ல் மறைந்த முல்லா ஸத்ரா குறிப்புகள் எழுதினார். 1908-ல் லண்டனில் அச்சான, பாரசீகத் தத்துவம் பற்றிய தமது ஆராய்ச்சி நூலில், அல்லாமா இக்பால் இந்தக் கொல்லப்பட்ட வாலிபரின் கொள்கையை விரிவாக எடுத்துரைத்தார்.