சிந்தாமணியைக் கேட்ட முன்சீப்

தமிழ் முதுகலை பயின்ற நாளில், சீவக சிந்தாமணி அச்சேறிய வரலாற்றைத் தேர்வுக்காக நானும் மனப்பாடம் செய்தேன். பதிப்பித்தவர் உ. வே. சாமிநாதையர், ஆண்டு 1887 என்று எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். அவரை அந்நூலின் பக்கம் திருப்பியவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. பிற்காலத்தில் பள்ளியில் பாடம் சொன்னபோது நானும் என் மாணவரிடம் கேட்கவில்லை. அக்குறையை இம்மலரின் வாயிலாகவேனும் தீர்த்துக்கொள்ள விழைகிறேன்.

சேலம் இராமசுவாமி முதலியார் 1852-ஆம் ஆண்டு பிறந்தவர். சட்டம் பயின்று நீதித்துறையில் முன்சீப் பதவி பெற்றார். ஆங்கிலக் கல்வியில் தேர்ந்த அக்காலத்து இளைஞர் பலர் தாய்மொழி நூல்களைத் தொடுவதே தகுதிக் குறைவு என்று எண்ணியிருந்தனர். இவரோ அலுவல் முடிந்த வேளைகளில் பழந்தமிழ் நூல்களைத் தேடிக்கொண்டிருந்தார். சிந்தாமணியில் நாமகள் இலம்பகம் மட்டும் ஒரு பாதிரியாரின் முயற்சியால் அதற்கு முன்பே அச்சில் வந்திருந்தது. எஞ்சிய பன்னிரண்டு இலம்பகங்களும் ஏட்டுச்சுவடியிலேயே இருந்தன. முதலியார் அவ்வேட்டிலிருந்து காகிதத்தில் ஒரு பிரதி எழுதச் செய்து தம்மிடம் வைத்திருந்தார். ஆயினும் அதைப் பொருள் தெரிந்து பாடம் சொல்வார் ஒருவரும் அவருக்குக் கிடைக்கவில்லை.

1880-ஆம் ஆண்டு அவர் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்தார். அவ்வாண்டிலேதான் சாமிநாதையர் அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தின் தூண்டுதலால் அக்டோபர் 21-ஆம் நாள் ஐயர் முன்சீபைக் காணச் சென்றார். ஐயருக்கு வயது இருபத்தைந்து. முதலியார் மூன்று வயதே மூத்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்ற பெருமிதத்தோடு ஐயர், தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று வரிசையாக அடுக்கினார். முதலியாரின் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. அவையெல்லாம் பிற்காலத்தவை, அவற்றால் விளையும் பயன் யாது என்ற கருத்தில் அவர் மறுமொழி கூறினார். பிறகு சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்னும் பெயர்களைச் சொல்லி, இவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் படித்ததில்லை. நூல் கிடைத்தால் படித்துப் பாடம் சொல்ல இயலும் என்று துணிவோடு விடையளித்தார். பின்னர் முதலியார் தம் கைப்பிரதியை அவரிடமே கொடுத்தார்.

அந்தக் கேள்வியைச் சிலர் செருக்கு என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. பன்னாள் விடைதேடி அலைந்த ஒருவர், இவராவது அறிந்திருப்பாரோ என்ற ஏக்கத்தில் கேட்டதாகவே எனக்குப் படுகிறது. செருக்குடையவர் தாம் அரிதின் தேடிப்பெற்ற பிரதியை, புதிதாக அறிமுகமான ஒருவர் கையில் ஒப்படைப்பாரா?

அதன்பின் இருவரும் வாரந்தோறும் கூடிச் சிந்தாமணி படித்தனர். நச்சினார்க்கினியர் உரை துணை செய்தது. எனினும் சமயச் செய்திகள் வரும் இடங்களில் உரையும் உதவாமல் நின்றது. திருத்தக்கதேவர் சமணத் துறவி. அவர் நெறியின் கலைச்சொற்கள் சைவ மரபில் பயின்ற ஐயருக்கு முற்றிலும் புதியவை. நச்சினார்க்கினியரே முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், சமண நூல்களைக் கற்று மீண்டும் எழுதினார் என்றொரு கதை வழங்குகிறது. அந்நிலையே ஐயருக்கும் நேர்ந்தது எனலாம்.

கும்பகோணத்தில் சமணர் குடும்பங்கள் இருப்பதை அறிந்து, ஐயர் அவர்கள் தெருவுக்குச் சென்றார். வாசலில் தோரணம் கட்டிக் கோலமிட்டிருந்தது. விழா யாதென வினவியபோது, சிந்தாமணி படித்து முடித்த நிறைவு நாள் அது என்று அறிந்தார். அதுகாறும் புலவருலகம் மறந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்த நூல், நம் முன்னோர் இல்லங்களில் பாராயண நூலாக உயிரோடிருந்தது. சந்திரநாத செட்டியார் ஐயங்களை அகற்றினார். வீடூர் அப்பாசாமி நயினாரின் பெயரும் இங்கே நினைக்கத்தக்கது. அத்தெருவின் பெண்மணிகளும் நூற்பொருள் அறிந்தவராய் இருந்தனர் என்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சற்று நின்று எண்ணிப் பார்க்கிறேன். இன்று நம் இல்லங்களில் எத்தனை பேர் பதுமையார் இலம்பகத்தை எடுத்து வைத்துப் படிக்கிறோம்?

முதலியார் முன்சீப் பதவியில் நீடிக்கவில்லை. அதைத் துறந்து சென்னையில் வக்கீல் தொழில் மேற்கொண்டார். அங்கிருந்தும் நூலை அச்சிடுமாறு ஐயரை விடாது தூண்டினார். 1885-இல் இங்கிலாந்தில் பொதுத்தேர்தல் நடந்தபோது இந்தியரின் குறைகளை அந்நாட்டு வாக்காளரிடம் எடுத்துரைக்க மூவர் சென்றனர்: கல்கத்தாவிலிருந்து மன்மோகன் கோஷ், பம்பாயிலிருந்து சந்தாவர்க்கர், சென்னையிலிருந்து நம் முதலியார். மறு ஆண்டில் அமைந்த அரசுப் பணி ஆணைக்குழுவிலும் அவர் உறுப்பினரானார். இவை பெரும் பதவிகளே. ஆயினும் இவற்றைப் பற்றி விரித்துரைக்க என் மனம் செல்லவில்லை. அவற்றைச் செய்யத் தக்கார் வேறு பலரும் அன்று இருந்தனர். கும்பகோணத்தில் அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேறு எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

1887-இல் பதின்மூன்று இலம்பகங்களும் நச்சினார்க்கினியர் உரையோடு சென்னையில் அச்சாகி வெளிவந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்! நூலின் முகப்பில் பதிப்பாசிரியர் பெயர் நின்றது. அதுவே முறையும் ஆகும். முதலியார் தமக்கென எதையும் வேண்டியவரல்லர். அவர் சமணரும் அல்லர். தம் சமயத்தைச் சாராத ஒரு நூல் அழிந்துவிடலாகாது என்று அவர் உழைத்தது, நம்மனோர் சற்று நாணத்தோடு நினைக்க வேண்டிய செய்தி.

சிந்தாமணியைத் தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டு வந்தது. 1892-இல் சிலப்பதிகாரம் வந்தது. முதலியார் அன்று கேட்ட மூன்று நூல்களுள் இரண்டாவது அது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், நாற்பது வயதும் நிரம்பாமல் அவர் மறைந்தார். மூன்றாவதாகிய மணிமேகலை அச்சில் வர மேலும் ஆறாண்டுகள் ஆயின.

பெசன்ட் நகரில் ஐயர் பெயரால் விளங்கும் நூல்நிலையத்துக்கு அடையாற்றிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம். அங்குள்ள ஏடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் பெற்றோர், இம்முதலியாரின் பெயரையும் கூடவே சொல்லுவார்களாக. ஐயர் தம் எண்பத்தைந்தாம் அகவையில் ஆனந்த விகடனில் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, அறுபதாண்டுகளுக்கு முற்பட்ட அந்தச் சந்திப்பின் தேதியைப் பிழையின்றிக் குறித்தார். அன்று வியாழக்கிழமை என்பதும் அவர் நினைவில் இருந்தது.