கார் செல்ஃப் முதல் ஜீப் வின்ச் வரை: யார் இந்த சார்லஸ் கெட்டரிங்?

ஆஃப்-ரோடு வண்டியின் முன் பம்பரில் ஒரு எலெக்ட்ரிக் வின்ச் மாட்ட வேண்டும் என்பது ஜீப் பிரியர்கள் பலரின் ஆசை. வண்டி சேற்றில் புதைந்தால் கவலையில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு போய் ஒரு பெரிய மரத்தில் பட்டை போட்டு மாட்டி, ரிமோட்டை அழுத்தினால் வண்டி மெல்ல மேலே ஏறிவிடும்.

ஆனா, மாட்டிய பிறகு சிலருக்கு நடப்பது வேறு. கேபிள் தோல் உருகுகிறது. பேட்டரி படுத்துவிடுகிறது. மோட்டார் கருகிப் புகை வருகிறது. சில சமயம் வண்டியே தீப்பிடிக்கிறது.

பெரும்பாலும் காரணம், வின்ச் மோட்டாரை ஏதோ ஃபேன் மோட்டார் மாதிரி நினைத்து வயரிங் செய்ததுதான். வின்ச் மோட்டார் வேறு ரகம். கொஞ்ச நேரத்துக்கு முழு பலத்தையும் கொட்டிவிட்டு ஓய்வெடுக்கும் ரகம். அப்படிப்பட்ட மோட்டார் காருக்குள் வரக் காரணமானவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் எஃப். கெட்டரிங். அவர் வின்ச் எதுவும் செய்யவில்லை. அவர் செய்தது, நாம் தினமும் சாவியைத் திருப்பும்போது உறுமும் செல்ஃப் மோட்டார். வின்ச் வயரிங்கின் அடிப்படை அதில்தான் இருக்கிறது.

கண் பார்வை சரியில்லாத பண்ணைப் பையன்

கெட்டரிங் பிறந்தது 1876 ஆகஸ்ட் 29-ல், ஓஹையோ மாநிலத்தின் லவுடன்வில் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில். சின்ன வயதிலிருந்தே கண் பிரச்சினை. படித்தால் தலைவலி வரும். பள்ளி முடித்ததும் கொஞ்ச காலம் கிராமப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தார். கண் மறுபடி தொந்தரவு செய்ய, படிப்பைப் பாதியில் விட்டார்.

அடுத்து அவர் போன வேலை டெலிபோன் லைன் போடுவது. குழி தோண்டி, கம்பம் நட்டு, கம்பி இழுக்கும் குழுவில் வேலை செய்து, அந்தக் குழுவுக்கே தலைவரானார். உடம்பு தேறியதும் கல்லூரிக்குத் திரும்பி 1904-ல் மின்பொறியியல் பட்டம் வாங்கினார். அப்போது வயது 28-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. கரியர் லேட்டாகிவிட்டதே என்று கவலைப்படுபவர்கள் கவனிக்கலாம்.

கல்லாப்பெட்டியில் கிடைத்த பாடம்

அதே ஆண்டு டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போதைய கல்லாப்பெட்டிகளைக் கையால் கைப்பிடி சுற்றித்தான் இயக்க வேண்டும். அதை மின்சாரத்தில் ஓட வைப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அங்கேதான் முக்கியமான விஷயம் பிடிபட்டது. கல்லாப்பெட்டி நாள் முழுக்க ஓடுவதில்லை. பட்டனை அழுத்தினால் ஒரு நொடி வேலை, அப்புறம் அடுத்த வாடிக்கையாளர் வரும்வரை சும்மா. எனவே, நாள் முழுக்க ஓடக்கூடிய பெரிய மோட்டார் தேவையே இல்லை. ஒரு சின்ன மோட்டாரை அதன் சாதாரண அளவைவிடப் பல மடங்கு பாரத்துக்குத் தள்ளலாம். சூடேறிக் கருகும் முன்னாடி வேலை முடிந்துவிடும். அடுத்த முறைக்குள் அது ஆறிவிடும்.

இதை இன்றைய பொறியியல் பாடத்தில் டியூட்டி சைக்கிள் என்பார்கள். எவ்வளவு நேரம் வேலை, எவ்வளவு நேரம் ஓய்வு என்ற கணக்கு.

கை உடைத்த ஹேண்டில்

அந்தக் காலத்தில் பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னாடி போய் ஹேண்டில் போட வேண்டும். பற்றவைப்பு கொஞ்சம் முன்கூட்டி நடந்துவிட்டால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். அந்த உதையில் மணிக்கட்டு, கை, தாடை எனப் பலருக்கு எலும்பு உடைந்திருக்கிறது. அந்த அபாயத்தாலும், அதற்குத் தேவைப்பட்ட உடல் பலத்தாலும், பெண்கள் பலர் பெட்ரோல் காரைவிட பேட்டரி காரையே விரும்பினார்கள். ஆமாம், அப்போதே எலெக்ட்ரிக் கார்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன.

1909-ல் கெட்டரிங் வேலையை விட்டார். நண்பர் எட்வர்டு டீட்ஸின் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கொட்டகையில் ஏற்கெனவே ஒரு சின்ன குழுவோடு இரவில் வேலை செய்துகொண்டிருந்தார். அது டெல்கோ என்ற நிறுவனமானது. இன்றைய மொழியில் சொன்னால் பக்கா ஸ்டார்ட்-அப். முதல் பெரிய ஆர்டர் கேடிலாக் நிறுவனத்திடமிருந்து வந்தது: கார் எஞ்சினுக்கான புதிய பற்றவைப்பு அமைப்பு.

அடுத்ததாக, ஹேண்டில் இல்லாமல் கார் கிளம்ப வழி உண்டா என்று கேடிலாக்கின் தலைவர் ஹென்றி லேலண்ட் கேட்டார். மின்சாரத்தால் முடியாது என்பது அன்றைய பல நிபுணர்களின் கணக்கு. எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு மோட்டாரும் பேட்டரியும் வைத்தால் காரில் ஆள் உட்கார இடம் இருக்காது என்றார்கள்.

கணக்கில் தவறில்லை. ஆனால் அது நிறுத்தாமல் ஓடும் மோட்டாருக்கான கணக்கு. எஞ்சின் பற்றிக்கொள்ளச் சில நொடிகள் போதும் என்பது கல்லாப்பெட்டி செய்த மனிதருக்குத் தெரியும். 1911 பிப்ரவரியில் கேடிலாக் காரில் அவருடைய மோட்டார் எஞ்சினைக் கிளப்பிக் காட்டியது. 1912 மாடல் கேடிலாக்கில் அது எல்லா வண்டிக்கும் வந்தது. எஞ்சினைச் சுழற்றும் அதே மோட்டார், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை சார்ஜ் செய்யும். விளக்குகளும் அதிலேயே எரியும். காப்புரிமை கிடைத்தது 1915-ல்.

விளைவு பெரிது. யார் வேண்டுமானாலும் பெட்ரோல் காரை ஓட்டலாம் என்றானது. பேட்டரி கார்களுக்கு இருந்த பெரிய சாதகம் ஒன்று காணாமல் போனது. பெட்ரோல் காரை ஜெயிக்க வைத்த காரணங்களில் ஒன்று ஒரு எலெக்ட்ரிக் மோட்டார்!

சரி, இதுக்கும் வின்ச்சுக்கும் என்ன சம்பந்தம்?

வின்ச் மோட்டார், செல்ஃப் மோட்டாரின் நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் ஒரே விதி: குறைந்த வோல்ட், பயங்கரமான ஆம்ப், குறைந்த நேரம். சுமார் 4,300 கிலோ இழுக்கும் 12 வோல்ட் வின்ச், முழு பாரத்தில் 400 ஆம்ப் அளவுக்கு எடுக்கும். ஹெட்லைட் ஒன்று எடுப்பது சுமார் 5 ஆம்ப்தான். இந்த விதியிலிருந்து வயரிங்கில் ஐந்து விஷயங்கள் கிளைக்கின்றன.

முதலில் கேபிள். பேட்டரியிலிருந்து வின்ச்சுக்கு 2 மீட்டர், திரும்பி வர 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 35 சதுர மி.மீ. செம்பு கேபிளில் 400 ஆம்ப் ஓடினால் சுமார் 0.8 வோல்ட் வழியிலேயே தொலையும். காசு மிச்சம் பிடிக்க 16 சதுர மி.மீ. போட்டால் 1.7 வோல்ட் போய்விடும். அதாவது கிட்டத்தட்ட 700 வாட் வெப்பம், ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி அளவு, கேபிளுக்குள்ளேயே. தோல் உருகாமல் என்ன செய்யும்? டெர்மினல் தளர்வாக இருந்தால் அந்த ஒரு இடத்திலேயே சூடு குவியும்.

இரண்டாவது, எர்த். கறுப்பு கேபிளை பம்பர் போல்ட்டில் மாட்டிவிடுவது சுலபம்தான். ஆனால் பெயின்ட்டும் துருவும் அங்கே தடை. நெகட்டிவ் கேபிளும் பேட்டரி டெர்மினல் வரைக்கும் நேராகப் போக வேண்டும்.

மூன்றாவது, சோலனாய்டு அல்லது கான்டாக்டர் பெட்டி. நம் கையில் இருக்கும் ரிமோட் சுவிட்ச் 400 ஆம்பைத் தாங்காது. அதில் ஓடுவது சின்ன மின்சாரம். அது ஒரு காந்தச் சுருளை இயக்க, அந்தச் சுருள் பெரிய செம்புத் தொடுமுனைகளைச் சேர்க்கிறது. அதே பெட்டிதான் கயிற்றை உள்ளே இழுப்பதா, வெளியே விடுவதா என்பதையும் மாற்றுகிறது. சீரீஸ் மோட்டாரில் பிளஸ், மைனஸை இடம் மாற்றினால் மட்டும் திசை மாறாது, அதே பக்கம்தான் சுற்றும். அதனால்தான் பெட்டியிலிருந்து மோட்டாருக்கு இரண்டுக்கும் மேற்பட்ட கேபிள்கள் போகின்றன. எண்ணெழுத்தைப் பார்த்து அதனதன் இடத்தில்தான் மாட்ட வேண்டும்.

நான்காவது, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். அதிக ஆம்ப் ஓடும்போது சோலனாய்டின் தொடுமுனைகள் சில சமயம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது ரிமோட்டை விட்டாலும் வின்ச் நிற்காது, இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது கட்-ஆஃப் மட்டும்தான். விபத்தில் பம்பர் நசுங்கி கேபிள் உடம்பில் உரசினாலும் தீயைத் தடுப்பது இதுவே. வின்ச் வேலை இல்லாத நேரத்தில் இதை ஆஃப் செய்தே வைக்க வேண்டும்.

ஐந்தாவது, ஓய்வு. காரின் ஆல்டர்னேட்டர் தருவது பெரும்பாலும் 100 ஆம்ப் சுற்றுவட்டாரம். வின்ச் கேட்பது 400. மீதி எல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகிறது. அதனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், விட்டுவிட்டு இழுக்க வேண்டும், மோட்டார் ஆற நேரம் தர வேண்டும். எத்தனை நேரம் என்பதை அந்தந்த வின்ச்சின் கையேடு சொல்லும். கப்பி ஒன்றைப் போட்டு கயிற்றை மடக்கி இழுத்தால் கயிற்றில் பாரம் ஏறத்தாழ பாதியாகும். ஆம்பும் அதற்கேற்பக் குறையும்.

வெற்றிக்கு அப்புறம்

1916-ல் டெல்கோ கைமாறியது. அதன் வழியே கெட்டரிங் ஜெனரல் மோட்டார்ஸுக்குள் வந்தார். 1920 முதல் 1947 வரை அந்த நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவை நடத்தினார். அவர் பெயரில் 180-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் சேர்ந்தன.

எல்லாமே ஹிட் இல்லை. தண்ணீருக்குப் பதில் செம்புத் தகடுகள் வழியாகக் காற்றால் எஞ்சினைக் குளிரவைக்கும் திட்டம் அவருக்கு மிகவும் பிடித்தமானது. 1923-ல் செவ்ரோலெட் கார்களில் வந்த அது சரியாக வேலை செய்யவில்லை. வெளியே போன கார்களை நிறுவனம் திரும்பப் பெற்றது. மனம் உடைந்து விலக முன்வந்த கெட்டரிங்கை, நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரட் சுலோன் போக விடவில்லை.

தோற்ற எஞ்சினைவிட உலகத்தை அதிகம் பாதித்தது, ஜெயித்த இன்னொரு கண்டுபிடிப்பு. எஞ்சின் நாக்கிங்கை நிறுத்த அவருடைய குழுவில் இருந்த தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் ஈயம் கலந்த ஒரு வேதிப்பொருளைக் கண்டுபிடித்தார். பெட்ரோலில் கொஞ்சம் கலந்தால் போதும், எஞ்சின் சீராக ஓடும். எத்தனால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது அதே ஆய்வகத்துக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் ஈயமே தேர்வானது. 1924-ல் அதை விற்க எத்தில் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டபோது தலைவராக உட்கார்ந்தவர் கெட்டரிங். பெயரில் ஈயம் என்ற வார்த்தையே இல்லை.

ஈயம் விஷம் என்பது அன்றைக்கும் புதிய செய்தி இல்லை. மிட்ஜ்லியே ஈய நச்சால் படுத்தவர். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இதைத் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளர்கள் மூளை பாதித்து இறந்தார்கள். விற்பனை சிறிது காலம் நின்றது, பிறகு தொடர்ந்தது. உலகம் முழுக்கப் பல தலைமுறைக் குழந்தைகள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். இந்தியாவில் ஈய பெட்ரோல் 2000-ல்தான் நின்றது. உலகின் கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல்.

செல்ஃப் மோட்டாரில், எவ்வளவு சூடு தாங்கும், எப்போது நிறுத்த வேண்டும் என்று துல்லியமாகக் கணக்குப் போட்டவர் கெட்டரிங். ஈய விஷயத்தில் அந்தக் கணக்கு போடப்படவே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு துளி என்றாலும், ஈயம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ஆறுவதற்கு இடைவெளி கிடையாது.

கடைசிக் காலம்

1945-ல் சுலோனும் கெட்டரிங்கும் சேர்ந்து நியூயார்க்கில் ஒரு புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்கு வழிசெய்தார்கள். இன்று உலகப் புகழ்பெற்ற மெமோரியல் சுலோன் கெட்டரிங் மருத்துவமனையின் பெயரில் இருப்பவர் இவர்தான். அடுத்த ஆண்டே அவருடைய மனைவி ஆலிவ் புற்றுநோயால் இறந்தார். டேட்டனை ஒட்டிய ஊர் ஒன்று அவர் உயிரோடு இருக்கும்போதே கெட்டரிங் என்ற பெயரை வைத்துக்கொண்டது. 1958 நவம்பர் 25-ல், 82-வது வயதில் அவர் காலமானார்.

கெட்டரிங் விட்டுப்போனதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பது நம் கையில். வின்ச் மாட்டப் போகிறவர்கள் கல்லாப்பெட்டிப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். சின்ன மோட்டார் பெரிய வேலை செய்யும், இடையில் ஓய்வு கிடைக்கும்வரை. கேபிள் தடிமனையும் கட்-ஆஃப் சுவிட்சையும் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். சேற்றில் நின்றுகொண்டு யோசிக்க வேண்டிய விஷயம் இல்லை அது.